ஓடி நின்ற பிறகு இதயம் என்ன சொல்கிறது?



'ஹார்வர்ட்' என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அமெரிக்காவில் உள்ள பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். கெடாக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பீடோங் ஹார்வர்ட் தோட்டம். இன்று இந்த இரண்டு ஹார்வர்டுகளையும் ஒரே பேச்சில் கொண்டுவரப் போகிறேன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நம்முடைய இதயம்.

நான் மருத்துவர் இல்லை, தொலைக்காட்சி அறிவிப்பாளர். மருத்துவர்கள் கண்டறிந்த ஒன்றையும், நம் தோட்டப்புற வரலாற்றில் நாம் மறந்துவிட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் இன்று என் வேலை.

மாடிப்படி ஏறுகிறோம், அல்லது பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். இதயம் படபடவென்று அடிக்கிறது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. கால்களுக்கு இரத்தம் அதிகமாகத் தேவை, இதயம் அதை அனுப்புகிறது. ஆனால் நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் அது அடங்குகிறது? சிலருக்கு ஒரு நிமிடத்தில் நன்றாகவே இறங்கிவிடும். சிலருக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இந்த இறக்கத்தைத்தான் 'இதயத் துடிப்பு மீட்சி' என்கிறார்கள். இந்த மீட்சி நம் உடல் திறனோடும், உடல் எடையோடும் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதே என் தலைப்பு.

நாடியும் கடிகாரமும்

நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொன்ன சித்த வைத்தியர்களின் மரபு நம்முடையது. ஆனால் அது அமர்ந்திருப்பவரின் நாடி. நாடியை நிமிடக் கணக்கில் எண்ண வேண்டுமானால் அதற்கேற்ற கடிகாரம் வேண்டும். ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707-ஆம் ஆண்டில் நூலாக எழுதினார்.

அடுத்த கேள்வி, இதயத்தை அடக்குவது யார் என்பது. 1845-இல் ஜெர்மனியைச் சேர்ந்த வேபர் சகோதரர்கள் அதற்கு விடை கண்டார்கள். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினால் இதயம் வேகம் குறைகிறது என்று காட்டினார்கள். அதாவது, இதயத்துக்கு ஒரு பிரேக் உண்டு. நாம் ஓடும்போது உடல் அந்தப் பிரேக்கை விடுகிறது. நின்றவுடன் மறுபடியும் பிடிக்கிறது. நின்ற முதல் ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது பெரும்பாலும் இந்தப் பிரேக் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது. 1994-இல் வெளியான ஜப்பானிய மருத்துவர்களின் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. விளையாட்டு வீரர்களுக்கு இந்த இறக்கம் வேகமாகவும், இதயம் பலவீனமானவர்களுக்கு மந்தமாகவும் இருந்தது.

முதல் ஹார்வர்ட்

1927-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 'களைப்பு ஆய்வுக்கூடம்' ஒன்றைத் தொடங்கினார்கள். மனிதன் உழைக்கும்போது ஏன் களைக்கிறான் என்பதே அதன் ஆராய்ச்சி. அந்த ஆய்வாளர்கள் ஓட்டப்பந்தய வீரர்களோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1939-இல் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய், பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுத ஏழைத் தொழிலாளிகளையும் ஓடும் பட்டையில் ஏற்றிச் சோதித்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே ஒரு சுலபமான சோதனை உருவானது. லூசியன் புரூஹா என்பவர் 1943-இல் அதை வெளியிட்டார். 20 அங்குல உயரப் பலகை ஒன்று. நிமிடத்துக்கு 30 தடவை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார்ந்துகொண்டு, ஒரு நிமிடம் கழித்து அரை நிமிடம் நாடியை எண்ண வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அரை நிமிடம், மூன்று நிமிடம் கழித்து மறுபடி அரை நிமிடம். மூன்று எண்ணிக்கையையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். ஏறி இறங்கிய விநாடிகளை நூறால் பெருக்கி, அந்தத் தொகையால் வகுங்கள்.

ஒருவர் ஐந்து நிமிடத்தையும் முடித்தார், அதாவது 300 விநாடி. அவருடைய மூன்று எண்ணிக்கை 80, 65, 55, மொத்தம் 200. கணக்குப் போட்டால் 75 வரும். 90-க்கு மேல் மிகச் சிறப்பு, 80-க்கு மேல் நன்று, 65 முதல் 79 வரை நடுத்தரத்தில் மேல், 55-க்குக் கீழே போனால் திறன் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உழைக்கும்போது நாடி எவ்வளவு ஏறியது என்று இந்தச் சோதனை கேட்கவில்லை. நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்றுதான் கேட்கிறது.

அமெரிக்க இளைஞர்களின் நாடியை இப்படி எண்ணிக்கொண்டிருந்த அதே 1943-இல் நம் மக்கள் எங்கே இருந்தார்கள்? மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் – பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர்கள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய களைப்பை அளக்க எந்தக் கடிகாரமும் இல்லை.

ஓட்டுநரும் நடத்துநரும்

போர் முடிந்த பிறகு இன்னொரு முக்கியமான கேள்வி எழுந்தது. உழைப்பு இதயத்தைக் கெடுக்கிறதா, காக்கிறதா? லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இரண்டு தட்டுப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளில் 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறுகிறார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம். அது வந்தபோது இறந்துபோனவர்களும் அவர்களிலேயே அதிகம்.

'ஓட்டுநர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதனால்தான்' என்று சிலர் சொல்லலாம். மோரிஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. சீருடை தைத்த கணக்கை எடுத்து இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் மெலிந்தவர், நடுத்தரமானவர், பருத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. எடையும் ஒரு காரணம், உழைப்பு தனியாக இன்னொரு காரணம் என்பது அன்றே தெரிய வந்தது.

நம்முடைய நிரை

இப்போது நம் கெடாவுக்கு வருவோம். பாடாங் செராய், லூனாஸ், கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய நம் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் எப்படி வாழ்ந்தார்கள்? விடிவதற்கு முன்பே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே நிரைக்குப் போக வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து வெட்ட வேண்டும். வெட்டி முடித்ததும் அதே மரங்களை மறுபடியும் சுற்றி மங்கிலிருந்து பாலைச் சேர்க்க வேண்டும். பிறகு காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டு மேடு பள்ளம் தாண்டி ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். பெண்களுக்கு இதற்கு முன்னால் அடுப்படி வேலை. பின்னாலும் அடுப்படி வேலை.

உடற்பயிற்சி நிபுணர்கள் இதை 'ஏரோபிக்' உழைப்பு என்பார்கள். நுரையீரல் இழுக்கும் பிராணவாயுவை இதயம் தசைகளுக்குத் தொடர்ந்து கொண்டுசேர்க்க, நீண்ட நேரம் நிற்காமல் செய்யும் வேலை. 1968-இல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய நூலால் இந்தச் சொல் உலகம் முழுவதும் பரவியது. பணம் கட்டி மக்கள் அதைச் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, நம்மவர்கள் நாள்கூலிக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்டு 'அந்தக் காலம் பொற்காலம்' என்று யாரும் கைதட்டிவிட வேண்டாம். தோட்டம் உடற்பயிற்சி நிலையம் அல்ல. மலேரியா, கொக்கிப்புழு, இரத்தச்சோகை, போதாத உணவு, லயத்து வீட்டு நெருக்கடி இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாழ்க்கை. இரத்தச்சோகை உள்ளவருக்குச் சிறு வேலையிலும் இதயம் வேகமாக அடிக்கும். ஆகவே தோட்டத்தில் எல்லாருடைய இதயமும் இரும்பாக இருந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. ஸ்டோரில் நாள்தோறும் பாலை நிறுத்தார்கள். அதில் ரப்பர் எத்தனை விழுக்காடு என்றும் பார்த்து எழுதினார்கள். அந்தப் பதிவேட்டில் பாலுக்கு இடம் இருந்தது. வெட்டியவரின் நாடிக்கு இடம் இல்லை.

தோட்டம் போனது, சாப்பாடு போகவில்லை

பிறகு தோட்டங்கள் மாறின. 1950-களிலும் 60-களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்துக்குச் செம்பனை வந்தது. அடுத்து வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. 1996-இல் கூலிமில் நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போனார்கள். லயத்திலிருந்து தாமானுக்கு வந்தார்கள். இது முன்னேற்றம்தான், இதை நான் குறை சொல்ல மாட்டேன். காண்டா சுமந்த தோளுக்கு ஓய்வு கிடைத்ததில் யாருக்கு வருத்தம்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்துவிட்டோம். நடை நின்றது, சாப்பாட்டின் அளவு நிற்கவில்லை. ஐந்து மணி நேரம் நிரையில் நடந்தவருக்கு வேண்டிய சோற்றையே, ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தவரும் சாப்பிடுகிறார். அதோடு ரொட்டி சானாய், சீனி தூக்கலாக ஒரு தே தாரே, இரவு ஷிப்டு முடிந்து வரும்போது ஒரு மீ கோரிங். முச்சந்திக் கடைக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிள்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். 2023-இல் இது 54.4 விழுக்காடானது. உடல் உழைப்பு போதாதவர்கள் அதே ஆண்டில் 29.9 விழுக்காடு. 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது எடைப் பிரச்சினை அதிகம் காணப்பட்டது நம் இந்தியச் சமுதாயத்தில்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு நாட்டிலேயே கடினமாக உடல் உழைத்தவர்களில் நாமும் ஒரு கூட்டம் என்பதை நினைத்தால், இந்தப் புள்ளிவிவரம் மனத்தை உறுத்துகிறது.

எடையா, திறனா?

எடை ஏறினால் இதயத்துக்கு என்ன ஆகிறது? ஹார்வர்ட் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் 150 தடவை 20 அங்குலம் ஏறுகிறோம். கூட்டினால் ஏறக்குறைய 76 மீட்டர், அதாவது 25 மாடிக் கட்டடம். 70 கிலோ இருக்க வேண்டியவர் 90 கிலோ இருந்தால், அவர் 20 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த 25 மாடி ஏறுகிறார் என்று பொருள். நாடி அதிகம் ஏறுவதில் வியப்பில்லை. அது மட்டுமல்ல, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் அதனோடு வரும் சர்க்கரைக் கோளாறும் நான் முன்பு சொன்ன பிரேக் நரம்பின் பிடியைத் தளர்த்துகின்றன. அதனால் ஏறிய நாடி இறங்கவும் நேரம் பிடிக்கிறது.

அப்படியானால் ஒல்லியாக இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1999-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வாளர்கள் 21,925 ஆண்களின் உடல் திறனையும் கொழுப்பு அளவையும் பார்த்து, எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒல்லியாக இருந்தும் ஏரோபிக் திறன் இல்லாதவர்களைவிட, பருமனாக இருந்தும் திறன் உள்ளவர்களுக்கு மரண ஆபத்து குறைவாக இருந்தது. துடிப்பு மீட்சியிலும் இதே போக்குதான். ஒரே எடையுள்ள இரண்டு பேரில் தினமும் வேகமாக நடப்பவரின் நாடி முதலில் இறங்கும். இதைப் பருமனுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திறனும் வேண்டும், எடையும் குறைய வேண்டும். ஆனால் தராசு முள் அசையவில்லையே என்று நடப்பதை நிறுத்திவிடுகிறவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. எடை குறைவதற்கு முன்பே இதயம் பலனடையத் தொடங்குகிறது.

மீட்சி ஏன் இவ்வளவு முக்கியம்? அதே 1999-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனை மருத்துவர்கள் 2,428 பேரை ஓடும் பட்டையில் சோதித்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உச்ச வேகத்துக்குப் பிறகு மெதுவாக நடந்த முதல் நிமிடத்தில், துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாக மட்டுமே இறங்கியவர்களுக்கு மரண ஆபத்து மற்றவர்களைவிட நான்கு மடங்கு. வயது முதலிய மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் இரண்டு மடங்கு.

வீட்டில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கவனத்தோடு. 20 அங்குலப் பலகை இளைஞர்களுக்காகச் செய்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் அதில் ஏறிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். பதினைந்து நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். நின்றவுடன் மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மருத்துவமனையில் சொல்லும் 12 என்ற எண்ணோடு இதை ஒப்பிடக் கூடாது. அந்தச் சோதனை வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முந்தைய உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் துடிப்பையே கட்டுப்படுத்தும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்பு பாதிப்பால் நாடி மந்தமாக இறங்கலாம். அவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைக் கேட்டுவிட்டு நடையைத் தொடங்குவது நல்லது. நடக்கும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், இடது கையில் இழுப்பு வந்தால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது ஹார்வர்ட்

கடைசியாக, நம் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துக்கு வருகிறேன். போர் முடிந்த கையோடு அங்கே ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். நம் குடும்பங்களைச் சீரழித்த கள்ளை எதிர்த்து, கள்ளுக்கடைகளுக்கு முன்னால் போய் நின்றார்கள். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையுடன் மோதல் ஏற்பட்டு உயிரும் போனது. கூலி உயர்வுக்கும் மரியாதைக்கும் போராடிய அந்த மக்கள், உடலைக் கெடுப்பது எதுவோ அதையும் எதிரியாகவே பார்த்தார்கள். வரலாற்று நூல்களில் இதைத் தொழிலாளர் போராட்டம் என்று எழுதுகிறார்கள். தன் உடலுக்குத் தானே பொறுப்பேற்ற ஒரு சமுதாயத்தின் கதையாகவும் நாம் இதைப் படிக்கலாம்.

அதே பீடோங் வட்டாரத்தில்தான் இன்று, 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளும் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். அன்று பாலை மட்டும் நிறுத்த மண்ணில், இன்று நாடியை எண்ணத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர்கள் எண்ணிச் சொல்லட்டும். ஆனால் நடக்க வேண்டியது நாம்தான். சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கும் அன்பர்கள், விரதத்தோடு தினமும் அரை மணி நேர நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமானில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, மாலையில் தொலைக்காட்சித் தொடர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்து வாருங்கள். தொலைக்காட்சியில் வேலை செய்கிற நானே இதைச் சொல்கிறேன்; தொடருக்கு மறு ஒளிபரப்பு உண்டு, இதயத்துக்கு இல்லை.

அன்று நம் பெரியவர்கள் நடந்த நடை தோட்டத்தின் இலாபத்துக்கு. இன்று நாம் நடக்கும் நடை நம்முடைய சொந்தக் கணக்கில் சேரும்.